காலநிலைத் திட்டத்தில் நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் (பி.எச்.சி.) எங்கே? தருமபுரி, கிருஷ்ணகிரி மக்கள் கேட்ட கேள்விகள்

சுகாதார ஆய்வாளராக இந்த இரண்டு மாவட்டங்களிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சேர்ந்த காலத்தில் எல்லாம் ஒரே தருமபுரி மாவட்டம்தான். 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி பிரிந்தது. இப்போது மகளிர் குழு, கிராம சபை, கல்லூரி முகாம் என்று கூப்பிடும் இடத்துக்கெல்லாம் போய், மாறிவரும் வெயிலும் மழையும் உடம்பை என்ன செய்கின்றன என்று பேசுகிறேன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே விட்டிருக்கிறேன்.

தகவமைப்புத் திட்டம், தகவமைப்புத் திட்டம் என்கிறீர்களே, அது என்ன சார்?

வெயில் குறையட்டும் என்று மரம் நடுவது ஒரு வேலை. மரம் வளரும்வரை தலையில் துண்டு போட்டுக்கொள்வது இன்னொரு வேலை. இரண்டாவதுதான் தகவமைப்பு. உலகம் எவ்வளவு புகையைக் குறைத்தாலும் ஏற்கெனவே ஏறிவிட்ட சூடு உடனே இறங்கப் போவதில்லை. அதோடு வாழ்வதற்கான ஏற்பாடுகளை ஒவ்வொரு நாடும் திட்டமாக எழுத வேண்டும் என்ற வழிமுறை 2010-ல் மெக்சிகோவின் கான்குன் நகரில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் உருவானது.

நம் நாட்டில் அதற்கு முன்பே, 2008-ல், தேசிய காலநிலைச் செயல்திட்டம் வந்தது. அதில் எட்டு இயக்கங்கள்: சூரிய சக்தி, எரிசக்திச் சிக்கனம், நகர வாழ்விடம், தண்ணீர், இமயமலை, பசுமை இந்தியா, வேளாண்மை, ஆய்வறிவு. எண்ணிப் பாருங்கள், மனுஷன் உடம்புக்கு ஒன்றும் இல்லை. பனிமலைக்குக் கிடைத்த இடம் பி.எச்.சி.-க்குக் கிடைக்கவில்லை. 2015-ல் பாரிஸ் ஒப்பந்தத்துக்காக இந்தியா கொடுத்த வாக்குறுதியில்தான், பாதிப்புக்கு ஆளாகும் துறைகளில் முதலீட்டைக் கூட்டுவோம் என்று சொன்ன இடத்தில், விவசாயம், நீர்வளம் இவற்றோடு சுகாதாரமும் சேர்ந்தது. 2019-ல் காலநிலை மாற்றமும் மனித நலமும் என்ற தேசியத் திட்டத்தை மத்திய சுகாதார அமைச்சகம் தொடங்கியது.

ஆஸ்பத்திரி இருக்கு, டாக்டர் இருக்காங்க. சுகாதாரத்தைத் தனியா எதுக்குச் சேர்க்கணும்?

ஒரு சம்பவம் சொல்கிறேன். ஏப்ரல் மாதம், மதியம் இரண்டு மணி. கடலைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவை மொபெட்டில் நடுவில் உட்கார வைத்து, பின்னால் ஒருவர் தாங்கிப் பிடித்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுவந்தார்கள். உடம்பு அனல். பேச்சு குழறல். தண்ணீர் ஊற்றித் துடைத்து, டிரிப் ஏற்றி, 108-ல் தருமபுரிக்கு அனுப்பினோம். பிழைத்துக்கொண்டார். மாலையில் புறநோயாளிப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அவர் பெயருக்கு நேராக எழுதியிருந்த ஒரே சொல்: மயக்கம்.

அந்த ஒரு சொல்லோடு வெயில் கணக்கிலிருந்து வெளியே போய்விடுகிறது. வயதானவர் வெயிலில் போய்ச் சேர்ந்தால் மாரடைப்பு. கல் உடைப்பவருக்குச் சிறுநீரகம் கெட்டால் சர்க்கரையோ சாராயமோ காரணம். கணக்கில் வராத நோய்க்கு எந்த அரசும் பணம் ஒதுக்காது. பஞ்சம் என்றால் விவசாயத் துறை காய்ந்த ஏக்கரை எண்ணிக் காட்டுகிறது, வெள்ளம் என்றால் நெடுஞ்சாலைத் துறை உடைந்த பாலத்தை எண்ணிக் காட்டுகிறது. நாங்கள் காட்ட எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை. சுகாதாரம் திட்டத்துக்கு வெளியே நின்றதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன், பழி எங்கள் மேலும் இருக்கிறது.

இப்போது ஒரு மாற்றம் வந்திருக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை வெயிலால் வரும் பாதிப்புகளை மருத்துவமனைகள் தினமும் கணினியில் பதிய வேண்டும். பதிவு நடக்கிறதா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. உலகக் கணக்கு வேண்டுமென்றால், 2030 முதல் 2050 வரை ஊட்டச்சத்துக் குறைவு, மலேரியா, வயிற்றுப்போக்கு, வெப்பத் தாக்கு இந்த நான்கால் மட்டும் ஆண்டுக்கு 2,50,000 கூடுதல் சாவுகள் நேரும் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது.

நம்ம பக்கம் கடல் இல்லை, புயல் இல்லை. நமக்கு என்ன ஆபத்து வந்துடப் போகுது?

தண்ணீர். இங்கே காலநிலை மாற்றம் ஆஸ்பத்திரிக்கு வருகிற வழி அதுதான். இந்தப் பக்கம் முழுவதற்கும் சேர்த்து நான் சொல்ல நினைப்பதும் அது ஒன்றுதான்.

நம் தரை பாறைத் தரை. மழை நன்றாகப் பெய்த வருஷம் கிணறும் மேல்மட்ட ஊற்றும் கை கொடுக்கும். பொய்த்தால் போர் ஆழம் போகும். 800 அடி, 1,000 அடி என்று பாறையைக் குடைவோம். அந்தப் பாறைக்குள் புளோரைடு இருக்கிறது. இந்தியத் தரக் கட்டளைப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம். வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. அதற்கு மேல் போனால் வளரும் பிள்ளைகளின் பல்லில் முதலில் சுண்ணாம்பு வெள்ளையாகத் திட்டுகள், பிறகு பழுப்புக் கோடு. இன்னும் அளவு கூடி வருஷக்கணக்கில் குடித்தால் முதுகெலும்பும் மூட்டும் இறுகும். பென்னாகரம், பாலக்கோடு பக்கம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி வாயைத் திறக்கச் சொன்ன நாள்கள் எனக்கு நினைவிருக்கின்றன. சிரிக்கச் சொன்னால் கையால் வாயை மூடிக்கொள்வார்கள்.

இதற்காகத்தான் ஒகேனக்கல் குடிநீர் மற்றும் புளோரைடு பாதிப்புத் தணிப்புத் திட்டம் வந்தது. ஜப்பான் கடனுதவி, 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவு, 2013-ல் திறப்பு. இதைக் குடிநீர்த் திட்டம் என்றே எல்லோரும் சொல்வார்கள். என்னைக் கேட்டால், அந்தப் பெயர் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே நம் மாவட்டங்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய காலநிலை சுகாதாரத் திட்டம் இதுதான். மழை பொய்த்தாலும் பிள்ளைகளின் பல்லும் எலும்பும் தப்புகிற ஏற்பாடு வேறு என்னவாம்?

ஆனால் குழாய் உடைந்தாலோ மின்சாரம் நின்றாலோ ஊர் என்ன செய்கிறது? பழைய போரைத் திறந்து அதே மேல்நிலைத் தொட்டியில் கலந்து விடுகிறது. கோடை நீள நீளக் கலப்பு நாள்களும் கூடும். பல்லைப் பார்க்கும் டாக்டருக்கும் போர் மோட்டாரைப் போடுகிற ஆளுக்கும் இடையில் எந்தக் காகிதமும் போய் வருவதில்லை. திட்டத்தில் சுகாதாரம் என்று நான் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான்.

போர்த் தண்ணியைக் காய்ச்சிக் குடிச்சா புளோரைடு போயிடுமா?

போகாது. கிருமிதான் சாகும். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாகி மிச்சத்தில் புளோரைடு இன்னும் கெட்டிப்படும். சமையலுக்கும் குடிக்கவும் கூட்டுக் குடிநீர், துவைக்கவும் மாட்டுக்கும் போர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். களி கிளறுகிற தண்ணீரும் குடிக்கிற தண்ணீர்க் கணக்குதான். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மழையே பெய்யாத வருஷத்துலயும் டெங்கு வருதே அண்ணா, அது எப்படி?

மழை இல்லாததாலேயே வருகிறது. தண்ணீர் நான்கு நாளைக்கு ஒரு முறை, எட்டு நாளைக்கு ஒரு முறை என்று ஆனதும் வீட்டில் என்ன நடக்கும்? நீல டிரம் ஒன்று இரண்டாகும். சிமெண்டுத் தொட்டி, அண்டா, பழைய பெயிண்ட் வாளி எல்லாம் வாசலுக்கு வரும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை பிடிக்காது, நாம் சேர்த்து வைக்கிற சுத்தமான தண்ணீர்தான் வேண்டும். டிரம்முக்குள் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் கருப்புப் பொடி தூவியது போல முட்டை வைக்கும். தண்ணீர் தீர்ந்து டிரம் காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரியும். முட்டை பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாள். வெயில் கூடினால் இன்னும் சீக்கிரம். கொசுவின் வயிற்றுக்குள் வைரஸ் தயாராகும் நாளும் சூட்டில் குறைகிறது.

அதனால்தான் வாரத்துக்கு ஒரு நாள் என்று சொல்கிறோம். வெறுமனே கவிழ்த்துக் கொட்டினால் போதாது, உள்சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர் டார்ச் அடித்து டிரம்மைப் பார்க்க வந்தால் சில வீட்டில் கோபம் வருகிறது. எட்டு நாள் காத்திருந்து பிடித்த தண்ணீரைக் கொட்டச் சொன்னால் யாருக்குத்தான் வராது? நானே ஒரு பாட்டியிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். "தண்ணி நீ கொண்டாந்து ஊத்துறயா?" என்றார். அதற்குப் பதில் என்னிடம் இல்லை, குடிநீர் வாரியத்திடம் இருந்தது. வேட்டித் துணியால் டிரம்மின் வாயை மூடிக் கயிறு கட்டி வையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். குடிநீர் விடும் இடைவெளி ஏழு நாளைத் தாண்டினால் அந்தத் தெருவுக்குக் கொசு ஒழிப்பு ஆள் தானாகப் போக வேண்டும் என்று ஒரு வரி திட்டத்தில் இருந்தால் போதும்.

புயல் இல்லைன்னு சொன்னீங்க, ஊத்தங்கரையில வேன் எல்லாம் அடிச்சிக்கிட்டுப் போச்சே?

புயல் இல்லை என்று சொன்னது மேலே நமக்கு என்ன ஆபத்து என்று கேட்டவர், நான் இல்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் உள்நாட்டுக்குள் வந்து நின்றபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. ஒரு வருஷம் முழுக்கப் பெய்ய வேண்டியதில் பாதிக்கு மேல். அரூரில் 33. ஏரி நிறைந்து வழிந்து, பேருந்து நிலையம் பக்கம் நிறுத்தியிருந்த வண்டிகளை இழுத்துப் போனதை எல்லோரும் செல்போனில் பார்த்தோம்.

வண்டியைப் படம் பிடித்தார்கள். அதற்குப் பிறகு வருகிற இரண்டு வாரத்தை யாரும் படம் பிடிப்பதில்லை. குடிநீர்க் குழாயில் சேற்று நீர் புகுந்தால் மூன்றாம் நாளிலிருந்து வயிற்றுப்போக்கு. எலி, மாட்டு மூத்திரம் கலந்த நீரில் வெறுங்காலோடு நடந்தவருக்கு எலிக்காய்ச்சல். பொந்தில் நீர் புகுந்த பாம்பு வீட்டு விறகடுக்குக்கு வரும். பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய பட்டியலில் 2024 நவம்பரில்தான் தமிழக அரசு சேர்த்தது, நல்ல முடிவு. கடிக்கு மருந்து கையிருப்பு எங்கே உள்ளது, அங்கே போகும் தரைப்பாலம் மூழ்குமா என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மழைக்கு முன் அந்த மாதம் பிரசவ நாள் குறித்த கர்ப்பிணிகள் பட்டியலை எடுத்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களை முன்கூட்டியே இந்தப் பக்கம் கொண்டுவரலாம். கிராம சுகாதார செவிலியரிடம் பட்டியல் எப்போதும் உண்டு. தடுப்பூசி வைத்திருக்கும் குளிர்பெட்டி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மின்சாரம் போனால் எத்தனை மணி நேரம் தாங்கும், ஜெனரேட்டருக்கு டீசல் யார் காசு? இப்படிச் சில்லறையாகத் தெரிகிறவைதான் தகவமைப்பு.

வெயில்ல ஒருத்தர் விழுந்துட்டா முதல்ல என்ன செய்யணும்?

நிழல், தண்ணீர், காற்று. இந்த வரிசை. உடம்பு கொதிக்கிறது, பேச்சு குழறுகிறது, ஆளை அடையாளம் தெரியவில்லை, வலிப்பு வருகிறது என்றால் அது வெப்பத் தாக்கு. உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். 108-க்குச் சொல்லிவிட்டு, வண்டி வருகிறவரை சும்மா இருக்காதீர்கள். இறுக்கிய துணியைத் தளர்த்தி, கையில் கிடைக்கிற தண்ணீரைத் தலை முதல் கால் வரை ஊற்றி, துண்டால் வீசிக்கொண்டே இருங்கள். ஐஸ் கிடைத்தால் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றவே கூடாது, மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். காய்ச்சல் மாத்திரை இந்தச் சூட்டுக்கு வேலை செய்யாது.

வெறும் களைப்பு, கெண்டைக்கால் பிடிப்பு, தலைவலி என்றால் உப்பு சர்க்கரைக் கரைசல் (ஓ.ஆர்.எஸ்.). பாக்கெட்டை ஒரு லிட்டரில் முழுதாகக் கரைக்க வேண்டும், அரை டம்ளரில் கொஞ்சமாகக் கொட்டிக் குடிப்பது தவறு. உப்புப் போட்ட மோரும் கூழும் நல்லதுதான்.

வெயிலால செத்தா அரசு பணம் தருமாமே?

ஆமாம். வெள்ளம், வறட்சி போன்றவை இருக்கிற தேசியப் பேரிடர்ப் பட்டியலில் வெப்ப அலைக்கு இடம் தரப்படாமல் இருந்தது. ஆனால் மாநிலங்கள் தங்கள் பேரிடர் நிதியில் 10 சதவீதம் வரை உள்ளூர்ப் பேரிடர்களுக்குச் செலவிடலாம். அந்த வழியில் 2024 அக்டோபரில் தமிழகம் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். சாவுக்குக் காரணம் வெயில்தான் என்று உரியவர் சான்று தர வேண்டும். மயக்கம் என்று எழுதுகிற பேனாவைப் பற்றி மேலே சொன்னேன் அல்லவா, அது இங்கேதான் வந்து இடிக்கிறது.

வெப்ப அலை என்று அறிவிக்கச் சமவெளியில் குறைந்தது 40 டிகிரி தொட வேண்டும் என்பது வானிலைத் துறையின் கணக்கு. 39 டிகிரியில் செங்கல் சூளை வாயில் நிற்கிறவனுக்கு அந்தக் கணக்கு தெரியாது.

ஓசூர் குளுகுளு ஊராச்சே, எங்களுக்கு எதுக்கு இது?

குளிர்ச்சி ஊருக்குத்தான், தகரக் கூரைக்குக் கீழே இல்லை. சிப்காட்டைச் சுற்றிய வரிசை வீடுகளில் வடநாட்டுத் தம்பிகள் ஓர் அறையில் ஆறு பேர் தங்குகிறார்கள். பகலில் வாங்கிய சூட்டை அந்தக் கூரை இரவில் இறக்குகிறது. ரோஜா வளர்க்கும் பாலிதீன் கூடாரங்களுக்குள் வெளியே இருப்பதைவிட வெக்கை அதிகம். எச்சரிக்கை தமிழில் மட்டும் போனால் அந்த ஊரில் பாதிப் பேருக்குப் புரியாது. தெலுங்கு, கன்னடம் எப்போதும் வேண்டும். இப்போது இந்தியும் ஒடியாவும் வேண்டும்.

வேலை செய்யற இடத்துல தண்ணி நிறையக் குடிங்கன்னு சொல்றீங்க. எங்க போறது சார்?

இதைக் கேட்டது கிரானைட் குவாரிப் பக்கம் வேலை செய்யும் ஓர் அக்கா. கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது, அவர் சிரிக்கவில்லை. காலை ஏழு மணிக்கு வீட்டில் போய்விட்டு வந்தால் மாலை ஐந்து வரை ஒதுங்க இடம் இல்லை. அதனால் குடிப்பதில்லை. அப்படியே வருஷங்கள் ஓடினால் நீர்க்கடுப்பு, சிறுநீர்த் தொற்று, கல்லடைப்பு. வெயிலில் உழைத்து நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகம் மெல்ல மெல்லக் கெடும் என்பதை மருத்துவம் இப்போது உறுதியாகச் சொல்கிறது.

நான் அவருக்குச் சொன்ன பதில் அன்று சரியாக இல்லை. சிறிய செம்பில் அடிக்கடி குடியுங்கள் என்று ஏதோ சொன்னேன். சரியான பதில் கழிப்பறை. வெயில் தடுப்புத் திட்டத்தில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் எத்தனை என்று இருக்கும். வேலைத்தளக் கழிப்பறை எத்தனை என்ற வரியை நான் தேடிக்கொண்டிருக்கிறேன். அது தொழிலாளர் துறை, தொழிற்சாலைத் துறையின் வேலை என்று சுகாதாரத் துறை சொல்லும். உண்மைதான். சுகாதார அத்தியாயத்தின் பணம் பெரும்பாலும் அடுத்தவர் பையில்தான் இருக்கிறது.

மாவட்டத்துல இதுக்குப் பொறுப்பு யாரு?

தமிழகத்தில் மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கம் உண்டு. ஆட்சியர் தலைவர், மாவட்ட வன அலுவலர் காலநிலை அலுவலர். வன அலுவலர் கையில் இருப்பதால் எத்தனை மரக்கன்று என்ற கணக்கு கூட்டத்தில் முதலில் வருவது இயல்பு. மரம் வேண்டாம் என்று யார் சொன்னது? மாவட்டச் சுகாதார அலுவலர் கடைசி வரிசையில் உட்காரக் கூடாது, அவ்வளவுதான்.

அவர் கையில் வேறு எந்தத் துறையிடமும் இல்லாத ஒரு பொருள் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிற திட்டம். 2024-ல் அதற்கு ஐ.நா. விருதும் கிடைத்தது. மாத்திரை கொண்டுபோகும் பெண் தன்னார்வலரின் நோட்டைத் திறந்தால், எந்தத் தெருவில் எந்த வீட்டில் சர்க்கரை, யார் படுக்கையில், யார் தனியாக இருக்கிறார் என்று எல்லாம் இருக்கும். வெயிலில் முதலில் விழப்போகிறவர்கள் பட்டியல் அது! பல நாடுகள் இப்படி ஒன்றைத் தயாரிக்கக் காசு கொட்டிக்கொண்டிருக்கின்றன. நம்மிடம் பையில் இருக்கிறது. வானிலைத் துறை எச்சரிக்கை விட்ட அன்று காலை அந்த வீடுகளின் கதவை ஒரு முறை தட்டச் சொன்னால் போதும். நீர் பிரிய வைக்கும் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கோடையில் அளவை மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்கச் சொல்லலாம் (தாமாக நிறுத்தச் சொல்லக் கூடாது). தன்னார்வலருக்கு அந்த அலைச்சலுக்கான காசைக் கொடுக்கவும் வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

நல்ல திட்டம் எது, பேருக்கு எழுதினது எதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

வினைச்சொல்லுக்கு ஆள் இருக்கிறதா என்று பாருங்கள். "விழிப்புணர்வு ஏற்படுத்தப்படும்", "நடவடிக்கை எடுக்கப்படும்" என்றால் யாரும் எதுவும் செய்யப் போவதில்லை. அகமதாபாத்தில் 2010 மே மாத வெயிலில் வழக்கத்தைவிட 1,300-க்கும் மேற்பட்டோர் கூடுதலாக இறந்தார்கள். அதற்குப் பிறகு 2013-ல் அந்த மாநகராட்சி ஒரு வெப்பச் செயல்திட்டம் போட்டது. எத்தனை டிகிரி வந்தால் எந்த நிற எச்சரிக்கை, யார் யாருக்குப் போன் செய்ய வேண்டும், எந்த ஆஸ்பத்திரி என்ன தயார் செய்ய வேண்டும் என்று அதில் இருந்தது. மற்ற நகரங்கள் அதைப் பார்த்துத்தான் எழுதின. பார்த்து எழுதியதில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றியவையும் உண்டு. ஒரு முறை ஒரு வரைவு என் கைக்கு வந்தது. நம் மாவட்டத்துக்கான திட்டத்தில் கடலோர மீனவர் பாதுகாப்பு என்று ஒரு பத்தி.

இன்னொன்று தேதி. ஓ.ஆர்.எஸ். பெட்டி ஜூன் மாதம் வந்து இறங்கிய ஒரு நிலையத்தில் நானே கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறேன். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

மலைக் கிராமத்துக்கு?

சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டிப் பக்கம் சாலையே மருந்து. பாதை இல்லாத குக்கிராமங்களில் இன்னும் தொட்டில் கட்டித் தூக்கி வருகிறார்கள். மழை தாறுமாறாக ஆக ஆக மண் பாதைதான் முதலில் அறுத்துக்கொண்டு போகும்.

சாப்பாட்டுல ஏதாவது மாத்தணுமா?

நம் பாட்டிமார் மாற்றாததை நாம் மாற்றாமல் இருந்தால் சரி. கேழ்வரகு குறைந்த மழையிலும் வரும். ரேஷனில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கும் முயற்சி 2023-ல் நீலகிரியோடு தருமபுரியில்தான் தொடங்கியது. தக்காளி விலை ஏறி இறங்குவது ராயக்கோட்டை, பாலக்கோடு சந்தையில் லாபநஷ்டமாகத் தெரியும், கர்ப்பிணியின் தட்டில் வேறு மாதிரித் தெரியும்.

வீட்ல ஃபிரிட்ஜ் இல்லை. இன்சுலினை எப்படி வைக்கறது?

மண்பானை. பெரிய பானையில் ஈர மணல், அதற்குள் சிறிய பானை, அதில் பாட்டிலை நனையாமல் உறையில் போட்டு வைத்து ஈரத் துணியால் மூடுங்கள். வீட்டின் நிழலான, காற்று வரும் மூலையில் இருக்கட்டும். கூடத்துச் சன்னலோரமோ அடுப்பு மேடையோ கூடாது. நிறம் மாறினாலோ திரி திரியாகத் தெரிந்தாலோ போடாதீர்கள், மாற்றி வாங்குங்கள்.

நாங்க ஊர் மக்கள். எங்களால என்ன முடியும்?

கிராம சபை. ஆண்டுக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மே 1 அன்று வெயிலைப் பற்றிப் பேசுவது சாவு வீட்டில் வைத்தியம் பேசுவது போல. ஜனவரி 26 அன்றே தீர்மானம் போடுங்கள்: நூறு நாள் வேலையில் கோடை நேரத்தை விடியற்காலைக்கு மாற்றுவது, வேலையிடத்தில் நிழல் பந்தல், போர்த் தண்ணீரின் புளோரைடு பரிசோதனை முடிவைத் தொட்டியின் மேலேயே பெயிண்டில் எழுதுவது. மழைக்கான தீர்மானத்துக்கு ஆகஸ்ட் 15. கிராம சுகாதாரம், துப்புரவு, ஊட்டச்சத்துக் குழுவுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரும், நிபந்தனை இல்லாத பணம். பல ஊரில் அந்தக் குழுவில் தாங்கள் உறுப்பினர் என்பதே உறுப்பினருக்குத் தெரியாது. பெயர்ப் பட்டியலை வாசிக்கச் சொல்லுங்கள்.

நான் டேங்க் ஆபரேட்டர். இதுல எனக்கு என்ன வேலை?

உங்களுக்குத்தான் முதல் வேலை, தம்பி. 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். 30,000 லிட்டர் தொட்டி என்றால் 120 கிராம். வாளியில் கரைத்து, அடியில் சுண்ணாம்பு தங்கட்டும், மேலே தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரம் விட்டுத் திறக்க வேண்டும். கடைசித் தெருக் குழாயில் பிடித்து, குளோரின் அளவு பார்க்கும் குளோரோஸ்கோப்பில் மருந்துச் சொட்டு விட்டால், குளோரின் இருந்தால் மஞ்சள் நிறம் வரும். குறைந்தது 0.2 பி.பி.எம். (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) காட்ட வேண்டும்.

ஒரு ஊரில் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தும் கோடையில் கடைசித் தெருவில் நிறமே வரவில்லை. ஆபரேட்டர் ஏமாற்றுகிறார் என்று ஊரே பேசியது. நானும் அப்படித்தான் நினைத்துப் போனேன். பவுடர் மூட்டை மோட்டார் அறையில் இருந்தது, மேலே தகரம், மூட்டை வாய் திறந்து கிடந்தது. உள்ளே இரண்டு நிமிஷம் நிற்க முடியவில்லை. அந்தச் சூட்டில் பவுடரிலிருந்த குளோரின் பறந்து, மிச்சம் வெறும் சுண்ணாம்பு. அவர் தினமும் 120 கிராம் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றிக்கொண்டிருந்தார். புது மூட்டை வாங்கி, மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்மில் கொட்டி, பஞ்சாயத்து ஆபீஸ் ஓட்டு அறைக்கு மாற்றினோம். மறுநாள் காலை கடைசிக் குழாயில் மஞ்சள் தெரிந்தது.